காப்புக் கட்டிய விரால்கள்

தியாகராய நகரில் பிறந்து வளர்ந்தவர்கள் சிலர், தங்கள் வீடு நிற்கும் இடத்தில் முன்பு வெறும் சேறும் கொசுவும்தான் இருந்தன என்று என்னிடம் சொல்வதுண்டு. மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டுப் போகும் பழக்கம் எனக்கு இல்லை. சேறு இருந்தது, கொசுவும் இருந்தது. அவற்றோடு ஓர் ஏரி இருந்தது, அந்த ஏரியில் விரால் இருந்தது என்று நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். யாரோ சொல்லக் கேட்டு இதைச் சொல்லவில்லை. அந்த நீரில் இடுப்பளவு இறங்கி நின்று, மீனைக் கையில் பிடித்து, எத்தனை இருக்கும் என்று கணித்தவள் நான். மீன் இல்லை என்று எழுதித்தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் எழுதித்தரவில்லை.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டை வரைக்கும், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமாகக் கிடந்த ஏரி அது. ஊர் வளர இடம் வேண்டும் என்று இருபதுகளில் அதை வற்றவைத்து மேடாக்கத் தொடங்கினார்கள். கரையை வெட்டி நீரை அடையாற்றுப் பக்கம் வடியவிட்டு, வடக்கேயிருந்து மண்ணை நிரவிக்கொண்டே வந்தார்கள். நீர் பின்வாங்கிப் பின்வாங்கி, இன்று நந்தனம் என்று சொல்லும் பக்கத்தில், கோடையிலும் வற்றாத ஒரு பெரிய மடுவாகச் சுருங்கி நின்றது. அதன் கரையில் தலைமுறையாக ஏரி மீனைப் பிடித்து விற்றுவந்த குடும்பங்கள் குடியிருந்தன. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: மற்ற இடத்தையெல்லாம் மூடிக்கொள்ளுங்கள், இந்த மடுவை மட்டும் விட்டுவிடுங்கள். மழை பிடித்ததும் விரால் அங்கேதான் குஞ்சு பொரிக்கும். அது போனால் பிழைப்பு போயிற்று.

மேடாக்கும் வேலைக்குப் பொறுப்பான இன்ஜினீயர் கொடுமைக்காரர் அல்லர். மயிலாப்பூர்க்காரர், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறவர். மடுவில் கணிசமாக மீன் இருப்பதாகப் படித்த ஒருவர் கணித்துச் சொன்னால் அதைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவதாகவும், இல்லையென்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் இறைத்து மூடிவிடுவதாகவும் அவர் வாக்குக் கொடுத்தார். படித்த ஒருவரை அனுப்பும்படி கடற்கரையோரப் பெண்கள் கல்லூரி ஒன்றுக்கும் எழுதினார். அங்கே இயற்கை விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, ஆய்வுக்கூடத்தில் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை அனுப்பினார்கள். பெண் பட்டதாரி என்றால் கரையில் குடை பிடித்து நின்று, நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள் என்று அவருடைய அலுவலகத்தில் எண்ணியிருக்க வேண்டும்.

முதல் நாள் கரையில் நின்றபடி அவர் ஒளிவில்லாமல் பேசினார்.

"அம்மா, ஒரு தரம் வலை போட்டுப் பார்த்தாச்சு. பொடி மீன்கூட ஏறலே. நீங்க ஒரு வாரம் சுத்திப் பார்த்துட்டு, சொல்லும்படியா ஒண்ணுமில்லேன்னு எழுதிக் கொடுத்துடுங்கோ. எல்லாருக்கும் சௌகரியம்."

"எந்தப் பக்கம் போட்டீங்க?"

"வடக்கே. மேட்டோரமா."

"எந்த நேரத்துல?"

"மத்தியானம். ஆபீஸ் நேரந்தானே."

"மத்தியான வெயில்ல, முழங்கால் தண்ணியில விரால் நிக்காதுங்க. அது கோரைக்குள்ள போய்ப் படுத்திருக்கும்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எங்காத்துக் கொழந்தை குளிர்ஜுரத்துல படுத்துண்டிருக்கா. இந்தத் தண்ணிலேர்ந்து வர்ற கொசுதான்னு டாக்டர் சொல்றார். நானும் யோசிச்சுத்தான் இந்த வேலையைச் செய்யறேன்," என்றார்.

அந்தச் சொல்லை நான் ஒதுக்கவில்லை. அன்று இரவு சாந்தோமில் என் வீட்டில் அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். மடுவை மூடினால் காய்ச்சல் குறையலாம். ஆனால் கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களும் அதோடு போகும். சுற்றிலும் வெட்டிப் போட்ட மண்பள்ளங்களில் மழைநீர் தேங்கி, மீனே இல்லாத நூறு குட்டைகள் உண்டாகும். கரையிலிருந்து துரத்தப்படும் குடும்பங்கள் எங்கே போகும் என்பதை யாரும் கேட்கவில்லை. இரண்டு தட்டுகளிலும் வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் சரி, மீன் இல்லை என்ற பொய்யை எடைக்கல்லாக வைக்க நான் ஒப்பமாட்டேன் என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் காலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீரில் இறங்கினேன். கரையில் பானையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மா இதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். மயிலாப்பூர்ச் சந்தையில் விராலை உயிரோடு பானையில் வைத்து விற்பவள் அவள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்குக் குழம்பு வைக்க அவளைத் தேடி ஆள் வரும்.

"இன்னா டீச்சரம்மா, சீலையோட எறங்கறே? மீனு பாத்தா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சா மேல வரும், எண்ணிக்கலாம்."

"அடி ஆத்தா! வாய் கீது இதுக்கு," என்று தன் புருஷனைக் கூப்பிட்டாள். "இந்தாய்யா, தோணியை எடுத்துக்கினு போ. படிச்ச புள்ள, சேத்துல மாட்டிக்கினு செத்துப் போச்சுன்னா நம்ம தலையிலதான் வுழும்."

அவர் அதிகம் பேசாதவர். சிறு தோணியை ஓட்டிக்கொண்டு மடு முழுவதும் என்னைச் சுற்றிக் காட்டினார். நான் மடுவை மனத்தில் நாலாகப் பிரித்துக்கொண்டேன்: கோரை அடர்ந்த மேற்கு, அல்லி படர்ந்த தெற்கு, மதகையொட்டிய ஆழம், நடுவிலிருந்த வெட்டவெளி நீர். விரால் காற்றை விழுங்க அடிக்கடி மேலே வரும். விடியற்காலையில் ஒவ்வொரு பகுதியிலும் அசையாமல் உட்கார்ந்து அந்தச் சிறு வட்டங்களைக் கவனித்தேன். கோரையிலும் மதகிலும் வட்டங்கள் மொய்த்தன. வெட்டவெளியில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். எங்கே இருக்கிறது என்பது இப்படித் தெளிவாகிவிட்டது. எத்தனை என்பது தெளிவாகவில்லை. ஒரே மீன் பத்துத் தடவை மேலே வந்தால் அதைப் பத்து மீனாக எண்ணிவிடக்கூடும்.

கலங்கிய நீருக்குள் இருப்பதை எண்ண ஒரு வழி உண்டு. அதை மீன்காரம்மாவுக்கு இப்படிச் சொன்னேன்: "ஒரு குண்டான்ல அரிசி கீதுன்னு வெச்சுக்க. எவ்ளோன்னு தெரியாது. அதுல ஒரு பிடி உளுந்தை எண்ணிப் போட்டு நல்லாக் கலந்துடறோம். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு பிடி அள்றோம். அந்தப் பிடியில உளுந்து நெறைய வந்தா அரிசி கம்மி. உளுந்து எங்கியோ ஒண்ணுதான் வருதுன்னா அரிசி ஏராளம். மீனும் அப்படித்தான். கொஞ்சம் மீனைப் புடிச்சு அடையாளம் போட்டு வுட்டுட்டு, மறுபடி புடிச்சுப் பாக்கணும்."

நான் அவளுடைய பேச்சைப் பேச முயன்றது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"அதுக்குள்ள எவளாவது அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டு இட்லி சுட்டுட்டா?"

"அதைத்தான் இன்ஜினீயர் செய்யப் பாக்கறார்."

அவள் சிரிக்கவில்லை.

அடையாளம் போடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. துடுப்பின் ஓரத்தை நறுக்கி அடையாளம் செய்யலாம். ஆனால் விரால்கள் ஒன்றையொன்று கடிப்பவை, பாதி மீன்களுக்கு ஏற்கெனவே துடுப்பு கிழிந்திருந்தது. முதுகுத் துடுப்பின் அடியில் ஊசியால் நூல் கோத்து முடியலாம். ஆனால் வெள்ளை நூல் ஒரே நாளில் சேற்று நிறமாகிவிடுகிறது. மஞ்சள் தோய்த்த நூல் கண்ணுக்குத் தெரியும், ஊசி போட்ட இடமும் அழுகாது. மயிலாப்பூர் மாடவீதிக் கடை ஒன்றில் போய் மஞ்சள் நூல் கேட்டேன். கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்றார். நான் சொன்ன அளவு அவரைத் திகைக்க வைத்தது.

"கல்யாணமாம்மா, திருவிழாவா?"

"மீனுக்கு."

அவர் நூலை வாழைநாரில் கட்டிக் கொடுத்தார்.

நாலு பகுதிகளிலும் மீன் பிடித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் நான் நூலை முடிய, மீன்காரம்மாவின் புருஷன் அதை நீரில் விட்டுக்கொண்டே வந்தார். முதல் மீனில் நூலைக் கண்டதும், "மஞ்ச கயிறா?" என்று மட்டும் கேட்டார். புண் ஆறும் என்றேன். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அந்த மீனை இரண்டு கையாலும் வாங்கினார். ஆடி மாதம். கரையில் இருந்த அம்மன் கல்லுக்கு வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அவர் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் காப்பு இருந்தது. திருவிழா முடியும்வரை நேர்ந்துகொண்டவர்கள் கையில் அதைக் கட்டிக்கொள்வார்கள். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பார்த்ததை ஒன்றோடொன்று சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

நூல் கட்டிய மீன்கள் மற்றவற்றோடு கலந்துபோக நாள் கொடுத்துவிட்டு, இரண்டாவது முறை வலை வீசினோம். நாலைந்து தோணிகள் சென்றன. நான் கரையில் நின்று கூடை கூடையாக வந்த விரால்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றின் முதுகிலும் நூல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஊசி போட்ட வடுகூட இல்லை. உளுந்தே வராத பிடியை வைத்து அரிசியை அளக்க முடியாது. இன்ஜினீயர் இதைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார்: கட்டிய மீனெல்லாம் செத்துப்போயிருக்கும், ஆகவே ரிப்போர்ட்டை முடித்துவிடலாம்.

மூன்றாம் நாள் நானும் தோணியில் ஏறிக்கொண்டேன். வலை மேலே வந்ததும் மீன்காரம்மாவின் புருஷன் குனிந்து, எதையோ இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் செய்து, அந்தப் பக்கம் நீரில் விட்டார். மஞ்சள் நூல் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"இன்னா பண்றீங்க?" என்று கத்திவிட்டேன்.

"காப்பு கட்ன மீனும்மா," என்றார் அவர், நான் ஏதோ தெரியாததுபோல நடிக்கிறேன் என்ற புன்னகையோடு.

கரைக்கு வந்ததும் மீன்காரம்மாவைக் கேட்டேன்.

"ஆமா, எல்லாத் தோணியிலயும் அப்படித்தான் வுடறாங்க. ஆத்தாளுக்கு நேந்ததைப் புடிச்சி வித்துத் துன்றதுக்கு நாங்க இன்னா நாய் பொழப்பா பொழைக்கிறோம்?"

"நான் எண்ணறதுக்குத்தானே கட்டினேன். சொன்னேனே!"

"சொன்னே. எண்ணறதுக்குக் கட்னாலும் ஆடி மாசத்துல மஞ்ச கயிறு கட்டினா அது காப்புதான். எதுக்குக் கட்னேன்னு ஆத்தா கேக்கப் போறாளா? நாங்க பேசிக்கினோம், டீச்சரம்மா நல்ல கெட்டிக்காரி, வாய்ல ஒண்ணு சொல்லிக்கினு கையில ஒண்ணு செய்றான்னு. காப்பு கட்ன மீனு கீற தண்ணிய எவன் மூடுவான்?"

இரண்டு காரியங்கள் எனக்கு உடனே விளங்கின. இவர்கள் என்னைத் தங்கள் பக்கத்தவளாக எண்ணிவிட்டார்கள். அதனாலேயே என் கணக்கு கெட்டுவிட்டது. நேர்த்தி, காப்பு, தோஷம் ஆகியவற்றைச் சொல்லி ஏழைகளை அடக்கிவைப்பதை எதிர்த்துக் கூட்டங்களில் பேசியவள் நான். எங்கள் சாந்தோம் கிறிஸ்தவ வீடுகளின் மெழுகுவர்த்தி நேர்த்திகளையும் அதே வாயால்தான் சாடியிருக்கிறேன். இன்று ஒரு நம்பிக்கை இவர்களைக் காப்பதுபோல் தெரிகிறது என்பதற்காக ஆம், காப்புதான் என்று சொன்னால், நாளை வேறொருவன் வேறொரு கயிற்றைக் காட்டி இவர்களை விரட்டும்போது என்ன சொல்வேன்? மாறாக, வெறும் நூல்தான், பிடித்துக் கூடையில் போடுங்கள் என்று வற்புறுத்தினால், என் எண் கிடைக்கும், அவர்களுடைய கை கூசும். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. "நான் கட்டினது அடையாளந்தான். அது உங்களுக்கு என்னவா இருக்கணும்னு நான் சொல்லமாட்டேன்," என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். மீன்காரம்மா தலையை ஆட்டினாள். அதையும் கெட்டிக்காரத்தனம் என்றே எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

என் ரிப்போர்ட் எப்படியும் இல்லை என்றுதான் வரும் என்ற நம்பிக்கையில், அந்த வாரமே எண்ணெய் இன்ஜின் பம்பு வண்டியில் வந்து இறங்கியது. கூடவே செங்கற்பட்டுக் கிராமங்களிலிருந்து மண் வேலைக்கு வந்தவர்களும் வந்தார்கள். அவர்கள் கரையில் குடிசை போட்ட மாலையே மீன்காரம்மா அவர்களிடம் பேசியிருக்கிறாள். காலையில் ஒரு கூடைகூட அசையவில்லை. மேஸ்திரி திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு கிழவர் முன்னால் வந்து, "காப்பு கட்டுன மீன் மேல மண்ணைக் கொட்டிட்டு ஊருக்குப் போனா எங்க வூட்ல வெளக்கு எரியுமா, சாமி? கட்டுன கை அவுக்கட்டும். அப்பால நாங்க கூடையைத் தொடறோம்," என்றார்.

இன்ஜினீயர் என்னைத் தேடிக்கொண்டு கோரைப் பக்கம் வந்தார். அவருடைய காலணி முழுவதும் சேறு.

"இதென்னம்மா கூத்து? மீன் எண்ணச் சொன்னா நீங்க திருவிழா நடத்திண்டிருக்கேள்!"

"நான் அடையாளத்துக்குத்தான் கட்டினேன். அவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"அப்போ அவுத்துடுங்கோ. காரியம் முடிஞ்சது."

"அவுக்கறேன். மீன் தண்ணிக்குள்ள இருக்கு. பிடிச்சுக் கொண்டுவந்து கொடுங்க."

"மடுவுலதான் மீனே இல்லையே!"

"மீன் இல்லைன்னா காப்பும் இல்லை. அந்தக் கிழவர்கிட்ட நீங்களே சொல்லிப் பாருங்க."

அவர் தம்மையும் மீறிச் சற்றே சிரித்துவிட்டார். பிறகு, கொட்டிவாக்கத்திலிருந்து கடல் மீனவர்களை அழைத்துவந்து மடு முழுவதும் பெருவலை இழுக்கச் செய்வதாகச் சொன்னார். நான் நிபந்தனைகளைச் சொன்னேன். நாலு பகுதிகளிலும் விடியற்காலையில் வலை இழுக்க வேண்டும். வலையில் ஏறும் விரால் ஒவ்வொன்றும், நூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என் கைவழியாகத்தான் போக வேண்டும். ஒன்றும் சாகக்கூடாது, மதகோரம் மூங்கில் தட்டியால் நீருக்குள் ஓர் அடைப்புக் கட்டி அதில் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

செய்தி பரவியதும் மீன்காரம்மா வந்து என் வழியை மறித்தாள்.

"அவுக்க ஒத்துக்கினியாமே? நல்லாக்கீது டீச்சரம்மா. கட்டும்போது எங்க ஆளு தோளைப் புடிச்சிக்கினு தோணில ஏறினே. அவுக்கறதுக்கு ஆபீசரு கொடைக்குக் கீழ நின்னுக்கினு வர்றியா?"

"அன்னிக்கு அரிசி, உளுந்துன்னு சொன்னேனே, ஞாபகம் கீதா?"

"கீது. அதுக்கு இன்னா இப்போ?"

"உளுந்தை நாம கலந்துட்டோம். ரெண்டாவது பிடியை அள்ள வுடாம நீங்கதான் தடுத்தீங்க. இப்போ அந்தப் பிடியை அள்ளப்போறது யாரு?"

அவள் என்னையும் மடுவையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அந்த இன்ஜினீரு சாமியேவா?"

"அவரேதான். ஆள் அமர்த்தி, கூலி கொடுத்து."

"அடி கேடி!" என்று என் தோளில் அடித்தாள். அது வலித்தது.

கொட்டிவாக்கத்து மீனவர்கள் மறுநாள் விடியும்முன்பே வந்துவிட்டார்கள். கட்டியவளே அவிழ்க்கப் போகிறாள் என்று தெரிந்ததால் அவர்களுக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. ஏரி மீனைக் கேலிசெய்துகொண்டு உற்சாகமாக இறங்கினார்கள். முதல் இழுப்பு கோரைப் பக்கம். வலை கரையை நெருங்கியபோது நீர் கொதிப்பதுபோல் ஆயிற்று.

"யப்பா, இன்னாடா இது! இல்லாத மீனு இந்தத் துள்ளு துள்ளுது!" என்றான் ஒருவன்.

நான் நீரில் நின்று ஒவ்வொன்றாக வாங்கினேன். நூல் இல்லாதது, இல்லாதது, இல்லாதது. எப்போதாவது நூல் உள்ளது. நூலை வெட்டி, மீனை அடைப்பில் விடுவேன். நூல் அறுந்துபோய் ஊசி வடு மட்டும் இருந்தவற்றையும் அடையாளம் உள்ளவையாகவே எண்ணினேன். இல்லாவிட்டால் மொத்தம் உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். அப்படிக் கிடைக்கும் பெருமை எனக்குத் தேவைப்படவில்லை. நூல் கட்டிய மீன் கைக்கு வரும்போதெல்லாம் கரையில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

"இன்னா நைனா, வலை இழுக்க வந்தமா, கல்யாணத்துக்கு வந்தமா?" என்று கொட்டிவாக்கத்தார் சிரித்தார்கள்.

"கல்யாணந்தான்! மொய் எழுதாம போனே, வலையைப் புடுங்கிக்குவோம்!" என்று மீன்காரம்மா கரையிலிருந்து பதில் கொடுத்தாள்.

இன்ஜினீயர் குடையோடு நின்று, குலவையை மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது நூல் எவ்வளவு அவிழ்ந்தது என்பதுதான். அல்லிப் பக்கம் இழுத்தார்கள், மதகோரம் இழுத்தார்கள், நடுநீரில் இழுத்தார்கள். நடுநீரில் சொற்பம், மதகோரம் வலையைத் தூக்க ஆள் போதவில்லை. அடைப்பு நிறைந்து, தட்டி வெளிப்பக்கம் வளைந்தது. அப்போதுதான் அவர் குடையைச் சுருக்கினார். இரண்டு அடி முன்னால் வந்து அடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அவுத்துண்டே வாயால என்னமோ சொல்லிண்டிருக்கேளே, நூல் இல்லாததையும் எண்ணிண்டிருக்கேளா?"

"ஆமா. நீங்க எண்ணச் சொன்னதைத்தான்."

அவர் படித்தவர், மேலே நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. எத்தனை மீனில் முதலில் கட்டினேன் என்று கேட்டார். சொன்னேன். வலையில் வந்தவை எவ்வளவு, அவற்றில் அடையாளம் உள்ளவை எவ்வளவு என்றார். சொன்னேன். அங்கேயே கண்ணை மூடி மனத்துக்குள் பெருக்கி வகுத்தார். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. தம் வீட்டிலேயே தமக்குத் தெரியாமல் ஆட்கள் குடியிருந்ததைக் கண்டவரைப்போல் இருந்தார்.

"ஆயிரக்கணக்குல போறதே."

"போகுது."

"தப்பா இருந்தா?"

"தப்பு இருக்கும். நூல் கட்டின மீன் வலைக்குப் பயந்து ஒதுங்கியிருக்கலாம். அப்படின்னா நான் சொல்ற எண் அதிகம். அதுக்காகப் பாதியாக் குறைச்சு வெச்சுக்கோங்க. அப்பவும் கணிசம்தான்."

அவர் பதில் சொல்வதற்குள் கொட்டிவாக்கத்தாரின் தலைவர் தலைப்பாகையைப் பிழிந்துகொண்டு வந்தார்.

"சாமி, இந்த மீனையெல்லாம் இன்னா பண்றது? தட்டி தாங்காது. கூலிக்கு மேல நாங்க எடுத்துக்கினு போலாமா?"

"எடுப்பே, எடுப்பே! எவன் வூட்டு மீனு?" என்று மீன்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு இறங்கினாள். "உங்க கடல்ல மீனு தீந்து போச்சா?"

"மூடப் போற கொளம்தானேம்மா! மூட்னப்புறம் மண்ணுக்கு அடியில மீனுக்கு இன்னா வேலை?"

மண் வேலைக்கு வந்தவர்கள் கரைமேல் கூடையோடு எழுந்து நின்றார்கள். எல்லாருடைய கண்களும் இன்ஜினீயர்மேல் விழுந்தன. மூடப்போகும் மடுவில் மீனைத் திருப்பி விடுவதற்கு யாரும் காரணம் சொல்ல முடியாது. மூடாத மடுவிலிருந்து அத்தனையையும் அள்ளிப்போக விடுவதற்கும் காரணம் சொல்ல முடியாது. நான் நீரில் நின்றபடியே இருந்தேன். கையில் கடைசி விரால், நூல் இன்னும் வெட்டப்படாமல், வாயைத் திறந்து திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது.

அவர் பம்பைப் பார்த்தார். அதற்கப்பால் வடக்கே, மேடாக்கிய நிலத்தில் கட்டத் தொடங்கியிருந்த வீடுகளைப் பார்த்தார். கொசுவைப் பற்றி, காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பற்றி நினைத்திருப்பார். நானும் அதையே நினைத்தேன். அந்தக் கவலையிலிருந்து நான் இன்றுவரை என்னை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு விடை அவர் எதிரிலேயே தட்டியை முட்டிக்கொண்டிருந்தது.

"தட்டியைப் பிரிச்சு விடுங்கோ," என்றார்.

"எங்க வுடறது, சாமி?"

"எங்கேன்னா? மடுவுலதான்!" என்று எரிந்து விழுந்தார்.

மூங்கில் முளையைப் பிடுங்கியதும் அடைப்பின் நீர் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடியது. விரால்கள் கறுப்பாகத் திரண்டு மதகின் ஆழத்தை நோக்கிப் போயின. குலவை இந்த முறை நிற்கவேயில்லை. கொட்டிவாக்கத்து ஆண்களும் கேலியாக வாயைக் குவித்துச் சேர்ந்துகொண்டார்கள். மண் வேலைக்காரர்களை மேஸ்திரி வடக்குப் பக்கம் அழைத்துப்போனார்.

கரையேறியதும், விரித்த குடையின் நிழலில் உட்கார்ந்து நான் ரிப்போர்ட்டை எழுதினேன். அவர் படித்துப் பார்த்தார். 'கணிசம்' என்ற சொல்லின்மேல் பேனா சற்று நின்றது; அடித்துவிடுவாரோ என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

"இந்த வருஷத்துத் திட்டத்துலேர்ந்து எடுத்துடறேன். என் கையில இருக்கறது அவ்வளவுதான். அடுத்த வருஷம் மேலிடத்துலேர்ந்து மறுபடி ஒருத்தர் வந்து, இங்கே மீன் எங்கேன்னு கேப்பார்."

"அவரையும் வலை இழுக்கச் சொல்லுங்க," என்றேன். "நான் எண்ணிக் கொடுக்கறேன்."